காக்கிக் காலனியில் கால் பாவாத மனிதர்

கரூரிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், சோளக்கொல்லைகளும் கல்குவாரிகளும் முடிந்து வெறும் பொட்டல் தொடங்குகிற இடத்தில், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் மட்டுமே வீடு கட்டிக் குடியிருந்த ஒரு காலனி இருந்தது. பத்திரத்தில் அதற்கு வேறு ஏதோ மங்கலமான பெயர், ஆனால் பஸ் கண்டக்டர் முதல் கீரைக்காரி வரை எல்லாருக்கும் அது காக்கிக் காலனிதான். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற வழக்கம் கிடையாது; ‘நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க’ என்றுதான் கேட்பார்கள், கேட்கப்பட்டவரும் கோபித்துக்கொள்ளாமல் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இன்ன இடத்தில், கூட இன்னார் என்று சாட்சியோடு சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்கு மூன்று பூட்டு, பூட்டுக்கு ஒரு சந்தேகம். பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தால் ஒரு விசாரணை, கலக்காவிட்டால் இவன் ஏன் கலக்கவில்லை என்று இரண்டு விசாரணை.

அந்தக் காலனிக்கு, ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு துணிப்பையும் ஒரு பெரிய கரண்டியும் மட்டும் எடுத்துக்கொண்டு, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நடந்து இன்னாசி வந்து சேர்ந்தார்.

முதலில் பார்த்தது கோசலை. முப்பத்து நான்கு வருடம் சர்வீஸ் போட்டு ஏட்டாக ஓய்வு பெற்றவள் என்பதால் காலனியில் அவளை ஏட்டம்மா என்பார்கள், சந்தேகப்படுகிற விஷயத்தில் இன்ஸ்பெக்டர்களே அவளுக்கு எழுந்து நின்று இடம் விடுவார்கள். டிராயிங் மாஸ்டர் உத்தியோகம் பார்த்த தன் புருஷன் தெய்வசிகாமணியை ஒரு பெண்ணின் வீட்டில் கையும் களவுமாகப் பிடித்து, அன்று மாலையே பெட்டியோடு வெளியே அனுப்பியவள் அவள். பத்தொன்பது வருடமாகியும் காலனியில் அதை ஒரு பெரிய கேஸ் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். கேட்டருகே நின்று கீரை வாங்கிக்கொண்டிருந்தவள் இன்னாசியின் முகத்தைப் பார்க்கவில்லை, நிழலைப் பார்த்தாள். வெயிலில் வருகிறவனுடைய நிழல் காலில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், இவருடையது கொஞ்சம் தள்ளி வந்தது.

“யோவ், நில்லுய்யா. நிழல் ஏன் ஒட்டாம வருது?”

“கால் தரையில பாவ மாட்டேங்குதுங்கம்மா.”

“எத்தனை நாளா?”

“பதினோரு வருசமா.”

“இங்க எதுக்கு வந்த?”

“இந்தக் காலனியில யாரும் யாரையும் நம்ப மாட்டாங்கன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க. அதான் இறங்கிட்டேன்,” என்று சொல்லி இன்னாசி சிரித்தார், ரொம்ப நாள் தேடிய விலாசம் கிடைத்தவர் சிரிப்பது போல.

அன்று மாலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். காலனித் தலைவர் தாண்டவமூர்த்தி, இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதை எந்தச் செக்ஷனில் கொண்டுவருவது என்று கேட்டார். ஸ்டேஷன் ரைட்டராகவே காலம் தள்ளிய பொன்னுரங்கம் யோசித்தார். “அத்துமீறி நுழைஞ்சான்னு எழுதலாம்னு பார்த்தேங்கய்யா. ஆனா நுழையறதுக்குக் கால் தரையில படணுமே. இந்தாளு இன்னும் காலனிக்குள்ள வரவே இல்லைன்னு வக்கீல் வாதாடிருவான்.” அதனால் கேஸ் வேண்டாம், கண்காணிப்பில் வைத்துக்கொள்வோம் என்று முடிவாகி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சும்மா கிடந்த மோட்டார் ரூமை இன்னாசிக்குக் கொடுத்தார்கள். பொன்னுரங்கம் இஞ்சி டேப் பிடித்து, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர் என்று அளந்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் காலனி அந்த அதிசயத்தை எப்படி வாங்கிக்கொண்டது என்றால், ஒரு திருட்டுச் சைக்கிளை எப்படி வாங்கிக்கொள்ளுமோ அப்படி. காந்தம் இருக்குமோ என்று ஆணிகளை இறைத்துப் பார்த்தார்கள், கம்பி இருக்குமோ என்று தலைக்கு மேலே ஒட்டடைக் கம்பை வீசிப் பார்த்தார்கள், காலுக்கும் தரைக்கும் நடுவே விளக்குமாற்றை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தார்கள், பழைய மோப்ப நாய்க்காரர் ஒருவர் தன் கிழட்டு நாயைக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொன்னார், அது மோந்துவிட்டுத் தூங்கிப்போனது. எல்லாவற்றுக்கும் இன்னாசி ஆசையோடு காலைக் காட்டினார். வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் கொடுத்து அவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார், கூட்டிப் பெருக்கின தரையில் இவர் நடந்தால் அழுக்காகாது என்பதுதான் அவரைப் பற்றிப் பெண்கள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் சொன்னார்கள்.

கோசலை தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் டீயோடு மோட்டார் ரூமுக்குப் போனாள். டீ கொடுத்துக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் தொழிலில் கற்றது.

“பதினோரு வருசம்னா, முதல் நாள் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லணும்.”

இன்னாசி சொன்னார். மலையில் ஒரு ஜென் தியானக் கூடத்தில் அவர் சமையல்காரராக இருந்தாராம். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் சுவரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கிற இடம் அது. “அங்க இருந்த பெரியவர் தினம் ஒரு கதை சொல்வாரு. எனக்கு ஒண்ணும் விளங்காது. ஒருநாள் கத்தரிக்கா வதக்கிட்டிருக்கறப்ப திடீர்னு எல்லாக் கதையும் விளங்கிருச்சு. ‘அடடே, எனக்கு விளங்கிருச்சே’ன்னு நெனச்சேன் பாருங்க, அப்பத்தான் கால் கெளம்பிருச்சு. ஓடிப்போய்ப் பெரியவர்கிட்டக் காமிச்சேன். அவர் என் காலைப் பார்க்கவே இல்ல. ‘கத்தரிக்கா கருகுது’ன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம் அங்க வர்றவங்க என் கால்ல விழ ஆரம்பிச்சாங்க. கும்பிடக் கும்பிட மேல போச்சு. அப்பத்தான் பெரியவர் சொன்னாரு, ‘உன்னைக் கும்பிடாத ஊராப் பார்த்துப் போ. சந்தேகந்தான் உனக்கு மருந்து’ன்னு. அப்படி ஒரு ஊர் நம்ம பக்கம் கிடைக்கணுமே ஏட்டம்மா. ஒன்பது ஊர் பார்த்தேன், எட்டுல கொட்டகை போட்டாங்க, ஒண்ணுல உண்டியலே வச்சுட்டாங்க.”

கோசலை இதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. நம்பாததை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது இன்னாசியின் பாதம் ஒரு நெல் கனம் கீழே இறங்கியதை இருவருமே பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அது ஒரு வைத்தியமாகவே ஆனது. அவர் பெரியவரின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றையும் குறுக்கு விசாரணை செய்தாள். இரண்டு துறவிகள் ஆற்றைக் கடக்கிறார்கள், கரையில் தவித்து நின்ற ஒரு பெண்ணை மூத்தவர் தூக்கிக்கொண்டுபோய் அக்கரையில் இறக்கிவிடுகிறார், ரொம்ப தூரம் போன பிறகு இளையவர் அது தப்பில்லையா என்று கேட்க, நான் அவளை அங்கேயே இறக்கிவிட்டேன், நீதான் இன்னும் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்கிறார் மூத்தவர். இந்தக் கதைக்கு உலகமே தலையாட்டியிருக்கிறது. கோசலை தலையாட்டவில்லை.

“அந்தப் பொண்ணு யாரு?”

“தெரியாதுங்க.”

“ஆத்தங்கரையில தனியா என்ன பண்ணிக்கிட்டிருந்தா? இறங்கின அப்புறம் எங்க போனா? வீடு போய்ச் சேர்ந்தாளா? ரெண்டு சாமியாரும் தங்கள் மனசு சுத்தமா இருக்கான்னு பேசிக்கிட்டே போறானுகளே, அவ என்ன ஆனான்னு ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தானா?”

இன்னாசி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அந்தரத்தில்தான். “பெரியவர் இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை வருசமா அந்தக் கதையைச் சொல்லிட்டிருந்தாரோ என்னமோ,” என்றார். புகழ்கிறானென்றால் அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும் என்று கோசலை அவருடைய துணிப்பையை மறுபடியும் ஒருமுறை கொட்டிப் பார்த்தாள். திருட வந்தவனிடம் இருந்ததைக் கொடுத்தனுப்பிவிட்டு, பிடிபட்டபோது அவன் திருடவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொன்ன ஜென் குருவின் கதைக்கு, “பொய்ச் சாட்சி. அந்தக் குருவையும் சேர்த்துத்தான் உள்ள வைக்கணும்,” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினாள். இப்படியே வைகாசி, ஆனி என்று போய், ஆடி மாதத்தில் பொன்னுரங்கம் டேப்பை வைத்துவிட்டுப் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தார், ஆவணியில் ஸ்கேலும் நுழையவில்லை, மடித்த தினசரிப் பேப்பர்தான் நுழைந்தது.

தரையைத் தொட்டால் என்ன செய்வீர் என்று ஒருநாள் கேட்டாள். “நிப்பேன்,” என்றார் இன்னாசி. அந்த ஒரு சொல்லில், பதினோரு வருடமாக எந்த இடத்திலும் நிற்காத மனிதரின் களைப்பை அவள் முதன்முதலாகக் கேட்டாள், கேட்டதும் எழுந்து வந்துவிட்டாள், இரக்கம் என்பது சந்தேகத்துக்கு நேர் விரோதி என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொரு நாள் அவர் கேட்டார். “உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கங்க?”

“ஒட்டன்சத்திரத்துல தனியா இருக்கறதா கேள்வி. கையும் களவுமாப் பிடிச்சு அனுப்பிட்டேன்ல.”

“எதைப் பிடிச்சீங்க?”

பத்தொன்பது வருடத்தில், ஊசி விழுந்தாலும் விசாரிக்கிற அந்தக் காலனியில், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஏட்டம்மா பிடித்தாள் என்றால் பிடித்தாள்தான். “அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மருந்து முறிந்தது புரட்டாசி முதல் வாரத்தில். தாண்டவமூர்த்திக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து பதின்மூன்று வருடமாகத் தூக்கம் கிடையாது. எப்போதோ உள்ளே தள்ளிய எவனோ விடுதலையாகி வருவான் என்று தலையணைக்குக் கீழே லத்தியை வைத்துக்கொண்டு விழித்திருப்பார். அவர் வீட்டில் ஒரு மத்தியானம் இன்னாசி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மனிதர் பதினான்கு மணி நேரம் தூங்கினார். அவருடைய மனைவி சுலோச்சனா, காலனியிலேயே நகைப்பெட்டிக்கு நான்கு பூட்டுப் போட்ட ஒரே அம்மாள், மறுநாள் காலையில் ஈரத்தலையோடு வந்து மோட்டார் ரூம் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். “அய்யோ, வேணாங்கம்மா! நான் இல்லீங்க, அவருக்கு வயசு எழுபத்தொண்ணுங்க, தூக்கம் தானா வந்திருக்குங்க!” என்று இன்னாசி கதறக் கதற, அவர் ஒரு சாண் மேலே போனார்.

ஒரு சாண் மேலே போனதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். அவர்கள் விழுந்ததால் இன்னும் ஒரு சாண் போனார். அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், பிறகு வேனில் வந்தார்கள், பிறகு பஸ்களே அங்கே நின்று ஆள் இறக்கிவிட்டுப் போயின. காலனிப் போலீஸ்காரர்கள் இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்டால், அங்கேதான் அவர்கள் தொழில் அவர்களைக் கவிழ்த்தது. கூட்டம் என்று ஒன்று கூடிவிட்டால் போலீஸ்காரனுக்குக் கூட்டம் எதற்காகக் கூடியது என்பது மறந்துவிடும், பந்தோபஸ்து ஒன்றுதான் நினைவிருக்கும். பரணில் கிடந்த பெல்ட்டுகள் இறங்கின, விசில்கள் ஊதின, சவுக்குக் கட்டைகள் நட்டுக் கயிறு கட்டினார்கள், வருகிற வழி ஒன்று, போகிற வழி ஒன்று, செருப்புக்கு ஓரிடம், வண்டிக்கு ஓரிடம். முதுகு வளைந்த கிழவர்கள் எல்லாம் நிமிர்ந்து நடந்தார்கள். பை கொண்டுவந்த பக்தர்களைச் சந்தேகப்பட்டார்கள், பை கொண்டுவராதவர்களை இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள், வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனையும் ஏற இறங்கப் பார்த்தார்கள், இன்னாசி ஒருவரைத் தவிர. பாதுகாக்கிற ஆளைச் சந்தேகப்படுகிற பழக்கம் எந்தப் பந்தோபஸ்திலும் இல்லை.

புரட்டாசி முடிவதற்குள் அவர் ஜன்னல் உயரத்துக்குப் போய்விட்டார். இடுப்பில் நைலான் கயிற்றைச் சுற்றி வேப்பமரத்தில் கட்டினார்கள், தூங்கும்போது மிதந்துவிடாமலிருக்க ஆட்டுரல் குழவியை மடியில் கட்டிக்கொண்டார். குனிந்து நீளக் கரண்டியால் சமைத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து நாற்காலி மேல் ஏறி நின்று டீயைக் கொடுத்து, “யோவ், இதுல என்ன தந்திரம்னு இன்னிக்காவது சொல்லு,” என்று கேட்டாள், கேட்கும்போது அவர் நாலு விரல் இறங்கினார், விடிந்தால் முழம் ஏறினார். ஆனாலும் அந்த நாலு விரல்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“நீங்க ஒருத்தர் இருக்கறவரைக்கும் போக மாட்டேன் ஏட்டம்மா,” என்றார்.

ஐப்பசி பிறந்து, மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு வாரத்தில், கோசலை கண் பரிசோதனைக்காகக் கரூருக்குப் பஸ் ஏறினாள். பாதி வழியில்தான் வீட்டைப் பூட்டவில்லை என்பது உறைத்தது. மூன்று பூட்டில் ஒன்றுகூட இல்லை. கீழே இறங்கி எதிர் பஸ் பிடிக்க வேண்டும் என்று மணிக்கயிற்றுக்குக் கை நீட்டியவள், அதுதான் இன்னாசி அங்கே இருக்கிறாரே, உயரத்திலிருந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. ஒரு மனிதரை அவள் நம்பிவிட்டாள். அறுபத்தாறு வயதில், ஒரு சாட்சியும் இல்லாமல், தெரியாத்தனமாக நம்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு பொருளும் போகவில்லை. இன்னாசிதான் மரத்துக்கு மேலே போயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காலனியில் நிற்க இடமில்லை. சுலோச்சனா தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றினாள், கூட்டம் ‘சாமி, சாமி’ என்று கை தூக்கியது, ஒவ்வொரு குரலுக்கும் இன்னாசி ஒரு முழம் ஏறினார். குழவி மடியிலிருந்து நழுவி விழுந்து சேற்றில் பாதி புதைந்தது. வேப்பங்கிளை முறிந்தது. நாலு பழைய கான்ஸ்டபிள்கள் ஓடிவந்து கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், அவர்களுடைய குதிகாலும் மெல்ல மெல்லத் தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி உயரத்திலிருந்து இன்னாசி கத்தினார்.

“ஏட்டம்மா! கேளுங்க! ஏதாவது கேளுங்க!”

கோசலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “யோவ் பித்தலாட்டக்காரா! ஃபிராடு! யாரை ஏமாத்தப் பார்க்கற, இறங்குடா கீழ!” என்று ஸ்டேஷன் அதிர்கிற மாதிரி சத்தம் போட்டாள். பழைய குரல் அப்படியே இருந்தது, அதற்கு அடியில் ஒன்றுமில்லை. இல்லாத சந்தேகத்தை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அதற்குக் கனம் இருக்காது. இன்னாசி இன்னும் ஒரு முழம் போனார், போகும்போது அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இந்த அம்மா என்னை நம்பிவிட்டாளே என்ற பயம்தான் இருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஆளும் போய்விட்டால் டீயை யாருக்குக் கொண்டுபோவது, யாரிடம் கேட்பது? சந்தேகப்பட வேண்டும், எப்படியாவது, உண்மையாக, இப்போதே சந்தேகப்பட வேண்டும் என்று மனதுக்குள் துழாவினாள். இன்னாசியின் மேல் ஒரு பொட்டு மிச்சமில்லை. தாண்டவமூர்த்தி மேல், பால்காரர் மேல், கூட்டத்தின் மேல் எதுவும் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேட்டவள், அவ்வளவு காலமும் ஒரே ஒரு ஆளைக் கேட்காமல் விட்டிருந்தாள். அந்த ஆள் இப்போது தனியாகச் சிக்கினாள்.

அவள் வானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சொன்னாள்: “நான் ஒரு வாக்குமூலம் குடுக்கணும்.”

மற்ற ஊராக இருந்தால் அது காதிலேயே விழுந்திருக்காது. ஆனால் அது காக்கிக் காலனி. தானாக முன்வந்து கொடுக்கிற வாக்குமூலம் என்று ஒன்று வந்துவிட்டால், எந்தப் போலீஸ்காரனும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். விசில்கள் நின்றன. தாண்டவமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார். பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கயிற்றைப் பிடித்திருந்த நாலு பேரும் கயிற்றை விட்டுவிட்டு வந்து அட்டென்ஷனில் நின்றார்கள்.

“எம் புருஷனைக் கையும் களவுமாப் பிடிச்சேன்னு சொன்னேன்ல. பிடிக்கல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லேட்டா வந்தாருன்னு பின்னாலயே போனேன். ஒரு வீட்டு வாசல்ல அவர் செருப்பு கிடந்துச்சு, பக்கத்துல ஒரு பொம்பளை செருப்பு கிடந்துச்சு. செருப்பைத்தான் பார்த்தேன்.”

“கதவத் தட்டினியா?” என்றார் தாண்டவமூர்த்தி.

“தட்டலைங்கய்யா.”

“ஏன் தட்டல? எத்தனை கதவத் தட்டியிருக்க!”

“பயமா இருந்துச்சு. தட்டி, உள்ள ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சுன்னா, இத்தனை வருசமாச் சந்தேகப்பட்ட நான் யாருன்னு கேள்வி வந்துருமேன்னு பயந்துட்டேன். அதான் இருக்குன்னே முடிவு பண்ணிட்டேன். அன்னிக்கு அவர் பெட்டியை எடுக்கறப்ப, ‘உள்ள வந்து பார்த்தியா கோசலை’ன்னு ஒரு தடவ கேட்டாரு. பார்த்தேன்னு பொய் சொன்னேன்.”

அவள் அழுதாள். நடுப்பகலில் நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். ஒரு மனிதர் வானத்துக்குப் போவதைவிட ஒரு குடும்பம் பிரிந்த கதை யாருக்குத்தான் ருசிக்காது, பக்தர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கேள்விகள் பறந்தன: எந்தத் தெரு, எத்தனை மணி, செருப்பு என்ன நிறம், அந்தப் பெண் யார். எல்லாவற்றுக்கும் அவள் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள், தெரியாது என்பதுதான் அதிகம் வந்தது. பொன்னுரங்கம் வேர்க்க வேர்க்க எழுதி, படித்துக் காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கி, நிமிர்ந்து கேட்டார்.

“சாட்சிக்கு ஒருத்தர் போடணும். யாரு?”

“குடுங்க, நான் போடறேன்.”

பேனாவை வாங்கிய கையில் சேறு அப்பியிருந்தது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். எந்த நேரத்தில் இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் பார்க்கவில்லை. இடுப்புக் கயிறு பின்னால் இழுபட, கணுக்கால் வரை சேற்றில் புதைந்து, இன்னாசி நின்றுகொண்டிருந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் ஒரு காலைப் பிடுங்கி எடுத்து மறுபடியும் வைத்தார், பிறகு அடுத்த காலை, சேறு ‘சளக்’ என்றது. சுலோச்சனா அந்தக் கால்களை ஏமாற்றத்தோடு பார்த்தாள், கற்பூரத்தை ஊதி அணைத்தாள், இந்தாள் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அரை மணி நேரத்தில் வேன்கள் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு அந்தக் காலனியில் இன்னாசி ஒரு சமையல்காரர், அவ்வளவுதான்.

மறுநாள் காலை இருவரும் ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பதினோரு வருடமாகத் தரை படாத பாதம் என்பதால் அவருக்கு ஒவ்வொரு பொடிக்கல்லும் குத்தியது, கடைவீதியில் வாங்கிய ரப்பர் செருப்பு வேறு கடித்தது, ‘ஆ’, ‘ஊ’ என்று அவர் நடந்த நடைக்குக் கோசலை முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விலாசம் கேட்டுக் கேட்டு மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சந்துக்குள் போனார்கள். சந்து முனையிலேயே இன்னாசி நின்றுகொண்டார். நிற்பது அவருக்கு இன்னும் புதுசாக இருந்ததால், நின்றதில் அவருக்கு ஒரு குறையுமில்லை.

பச்சை வண்ணம் உரிந்த ஒரு கதவு. வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, அதைக் கோசலை பார்த்தாள், பார்த்து ஒன்றும் முடிவு செய்யவில்லை. சேலையைச் சரி செய்துகொண்டாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடியும் தூக்கி, இரண்டு முறை தட்டினாள்.

உள்ளே யாரோ இருமினார்கள். “யாரு?”

அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க அவள்தான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறாள். ஏட்டம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், கோசலை என்று சொல்ல வந்தாள், உங்க பொண்டாட்டி என்று சொல்லலாமா என்று பார்த்தாள். எதற்கும் அவளிடம் சாட்சி இல்லை. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

“தெரியலைங்க. நீங்க தொறந்து பார்த்துச் சொல்லுங்க.”

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.